துவைக்காத சட்டை

ரத்தம் எடுத்தது என் மகளுக்கு. மயங்கி விழுந்தது நான்.

"பாப்பா கையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, ஆட்டக் கூடாது" என்று நர்ஸ் சொன்னார். பிடித்தேன். ஊசி உள்ளே போனது வரைக்கும் தெரியும். அப்புறம் கண்ணைத் திறந்தால் குழந்தைகள் வார்டின் குட்டைக் கட்டிலில் நான் படுத்திருக்கிறேன். கால் இரண்டும் வெளியே தொங்குகின்றன. நர்ஸ் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார். என் மனைவி பொன்னி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த மனுசனை நம்பிப் புள்ளையைக் குடுத்ததுக்கு எங்கூட்டு நாய்கிட்டக் குடுத்திருக்கலாமுங்க சிஸ்டர். அதுவாச்சும் நின்னு பாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிரிக்க வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். செல்லமுத்து எழுதினான் என்றால் சிரிப்பதற்குத்தான் இருக்கும் என்று மலையில் என்னைத் தெரிந்தவர்கள் நினைப்பார்கள். அவர்களை ஏமாற்றக் கூடாது. மீதியில் சிரிப்புக் குறைவு. இப்போது பாப்பா வீட்டில் இருக்கிறாள், வாசலில் கோழியை விரட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும். பட்டறையிலிருந்து வந்து அதே துணியோடு பிள்ளையைத் தூக்குகிற அப்பன் ஒருவன் படித்தால்கூடப் போதும்.

நாங்கள் கொல்லிமலையில் எடப்புளி நாட்டுக்காரர்கள். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் சாமை, மேட்டில் மரவள்ளி, அதாவது எங்கள் குச்சிக்கிழங்கு. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. இனி இல்லை என்று ஊரே முடிவு செய்து, எங்களுக்காக வருத்தப்படுவதையும் நிறுத்தி, என் தலையும் பாதி நரைத்த பிறகு, ஒரு நாள் பொன்னி வாந்தி எடுத்தாள். குச்சிக்கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அந்தக் குச்சிக்கிழங்குதான் தன்ஷிகா. பெயரைப் பொன்னி டிவியில் பார்த்து வைத்தாள். எனக்கு இன்றைக்கும் வாயில் நுழையாது, பாப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

பாப்பா பிறந்ததும் மிளகை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று தோன்றியது. மலையிறங்கி, காரவள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பேட்டரிப் பட்டறையில் சேர்ந்தேன். லாரிகளில் செத்துப்போன பேட்டரிகள் அங்கே வரும். மூடியை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருவி, தட்டிச் சுத்தம் செய்து, நல்லதைத் திரும்பப் போட்டு, ஆகாததை உருக்கி வார்ப்போம். தகட்டைத் தட்டும்போது சாம்பல் நிறத்தில் ஒரு பொடி கிளம்பும். மாவு மில்லில் வேலை செய்கிறவன் வெள்ளையாக வெளியே வருவான், நாங்கள் சாம்பலாக வருவோம். "விபூதிச் செலவு மிச்சம்" என்று நான் சொல்வேன். பட்டறையே சிரிக்கும். தங்கல் பட்டறைக்குப் பின்னாலேயே. சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் மேலே, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கீழே.

இங்கேதான் சட்டை வருகிறது.

அப்பனை நினைத்துப் பிள்ளை ஏங்கிப் போனால் சாப்பிடாது, தூங்காது, சவலையாகிவிடும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். அதற்கு வைத்தியம், அப்பன் போட்டுக் கழற்றிய சட்டை. துவைக்கக் கூடாது. துவைத்தால் வாசம் போய்விடும், வாசம் போனால் அது வெறும் துணி. தூங்கும்போது பிள்ளைமேல் அதைப் போர்த்த வேண்டும். மற்ற நேரத்தில் பிள்ளையின் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் வேலைச் சட்டையை விட்டுவிட்டுப் போவேன். பொன்னி அதைக் கதவு நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டுவாள். பாப்பாவுக்குப் பேச்சு வந்தபோது முதலில் வந்த வார்த்தை 'அப்பா.' சொன்னது என்னைப் பார்த்து அல்ல, ஆணியைப் பார்த்து. பொன்னி போனில் சொன்னபோது நான் பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். பாப்பாவைப் பொறுத்தவரை வாரத்தில் பெரும்பகுதிக்கு அப்பா அந்தச் சட்டைதான். குறட்டை விடாது, குழம்பில் உப்பில்லை என்று சொல்லாது. "உங்களுக்கு அதுவே தேவலீங்க" என்றாள் பொன்னி.

காலையில் எழுந்ததும் பாப்பா சட்டைக்குக் கையாட்டுவாள். சோறு ஊட்டினால் தனக்கு ஒரு வாய், சட்டைக்கு ஒரு வாய். சட்டைப் பையில் எப்போதும் பருக்கை இருக்கும். காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டேதான் தூங்குவாள்.

இரண்டு வயது முடிந்த பிறகு அவள் சுருங்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வெளிக்குப் போக நாள்கணக்கில் ஆகும். சோற்றைத் தள்ளிவிட்டுச் சுவரைச் சுரண்டி மண்ணைத் தின்றாள். முகம் வெளுத்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தினாள். மலை ஆஸ்பத்திரியில் செலின் சிஸ்டர் என்று ஒருவர். கீழே சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவர், பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்து தடுப்பூசி போட்டவர். அவர் ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து டானிக்கும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். "கீழ பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிருங்க" என்றும் சொன்னார். டானிக்கை வாங்கிக்கொண்டோம். கீழே போவதை மிளகு பறித்த பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். ஏனென்றால் எங்களுக்குத்தான் நோயின் பெயர் தெரிந்துவிட்டதே. ஏக்கம்.

"ஏனுங்க, புள்ள ஆணியையே பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க. சட்டையில வாசமே இல்ல. புதுசா ஒண்ணு குடுத்து உடுங்க" என்றாள் பொன்னி போனில்.

"புதுச் சட்டையா?"

"புதுசா அழுக்கானது."

மஞ்சப்பையில் வைத்துக் கட்டி, மலைக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் முருகேசனிடம் கொடுத்துவிட்டேன். அவன் எங்கள் ஊர்க்காரன்தான். "ஏன்டா, வாரத்துக்கு ரெண்டு அப்பனை ஏத்திட்டுப் போறேன். டிக்கெட் யாரு எடுக்கறது?" என்பான். "அரை டிக்கெட் போட்டுக்க, உள்ள ஆள் இல்லையல்ல" என்பேன்.

பாப்பா மெலிய மெலிய நான் சட்டைகளை அதிகமாக அனுப்பினேன். வாசம் தூக்கலாக இருக்கட்டும் என்று, கழற்றுவதற்கு முன் அதிலேயே முகத்தையும் கழுத்தையும் நன்றாகத் துடைத்து அனுப்பினேன்.

பிறகு வார்த்தைகள் போயின. 'நாய்' என்று சொல்வாள், 'பால்' என்பாள், முருகேசனைப் பார்த்தால் 'மாமா' என்பாள். ஒவ்வொன்றும் எப்போது போனது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கவனித்தபோது அவை இல்லை, அவ்வளவுதான். கடைசிவரைக்கும் இருந்தது 'அப்பா' ஒன்றுதான், அதுவும் ஆணியைப் பார்த்து. அதுவும் நின்றது.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பாப்பாவுக்கு வலிப்பு வந்தது. பொன்னி போன் செய்தபோது நான் கையில் ஸ்பேனரோடு நின்றிருந்தேன். "ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோமுங்க. காரவள்ளிக்கு வந்துருங்க" என்றாள். முதலாளியின் மொபெட்டை எடுத்தேன். ஸ்டாண்டை மடக்காமலே ஓட்டியதால் வளைவுகளில் அது ரோட்டில் உரசிப் பொறி பறந்தது. காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

காரவள்ளியில் மலை ரோடு தொடங்கும் இடத்தில் நின்று மேலே பார்த்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் சைரன் ஒரு முறை கேட்கும், மலைக்குப் பின்னால் மறைந்துவிடும், மறுபடி கேட்கும். மறையும்போதெல்லாம் வண்டி உருண்டுவிட்டது என்று நான் முடிவு செய்தேன். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பஸ் போர்டில் மட்டும் பெயர் பார்த்த ஊர்களின் சாமிகளையும் கூப்பிட்டேன். என் நிலைமையைப் பார்த்து டீக்கடைக்காரர் ஒரு டீயைக் கையில் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் டம்ளரோடு ஏறிவிட்டேன். ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் ஸ்பேனர்.

"அண்ணா, ரெண்டையும் கீழ வைங்க. பாப்பாவ வாங்குங்க" என்றார் வண்டியில் இருந்தவர்.

வாங்கினேன். வலிப்பு நின்று, துணி மாதிரித் துவண்டிருந்தாள். மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அவள் முகம் முழுவதும் என் வேலைச் சட்டையில் பதிந்தது. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே அழுத்தி வைத்திருந்தேன். இத்தனை பாசமுள்ள அப்பன் வேறு யாருக்கு வாய்க்கும் என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது.

மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று முதலில் பார்த்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், மூளையில் லேசான வீக்கம் என்றார்கள். வலிப்பு திரும்ப வராமலிருக்க மருந்து ஏற்றினார்கள். நான் மயங்கி விழுந்தது மறுநாள். காத்திருக்கும் இடத்தில் எனக்கு எல்லாமே கெட்ட செய்தியாகத் தெரிந்தது. ஒரு நர்ஸ் வேகமாக நடந்தால் முடிந்துவிட்டது என்று எழுந்து நிற்பேன். அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போயிருப்பார். அருகில் உட்கார்ந்திருந்தவர், ராசிபுரத்துப் பக்கம் தறி ஓட்டுகிறவர், அவர் பையனுக்கு நிமோனியா. "நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றதுல எனக்கு மூச்சு வாங்குதுங்க" என்றார்.

வார்டில் பாப்பா தூங்கவில்லை. கையை அசைத்து எதையோ தேடினாள். பொன்னிக்குப் புரிந்தது. "சட்டையைக் கழட்டிக் குடுங்க" என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு உட்கார்ந்தேன். பாப்பாமேல் போர்த்தியதும் காலரைத் தேடி வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "பாத்தீங்களா" என்றாள் பொன்னி பக்கத்துக் கட்டில் அம்மாவிடம்.

ரத்தப் பரிசோதனை முடிவோடு குழந்தைகள் டாக்டர் வந்தார். வயது குறைந்த அம்மாதான், ஆனால் சிரிக்க வைக்க முடியாத முகம்.

"அப்பா என்ன வேலை பாக்கறீங்க?"

"நானும் டாக்டர்தானுங்க. செத்த பேட்டரியைப் பொழைக்க வெப்பேன்."

"பேட்டரியப் பிரிச்சு, உள்ள இருக்கற தகடெல்லாம் எடுப்பீங்களா?"

"ஆமாங்க."

அவர் அப்போதுதான் சட்டையைப் பார்த்தார். காலரை இரண்டு விரலால் தேய்த்தார். விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாம்பல்.

"இது யார் சட்டை?"

"அவங்க சட்டைதானுங்க" என்றாள் பொன்னி. "புள்ள அவங்களை நெனச்சு ஏங்கிப் போச்சுங்க டாக்டரம்மா. இது இல்லீன்னா தூங்காதுங்க. அங்கிருந்து பஸ்சுல குடுத்து உடுவாங்க. ஒரு தடவகூடத் துவைச்சதில்லீங்க." பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னாள்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, சட்டையை உதறாமல் மெல்ல உள்பக்கமாக மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து வாயைக் கட்டினார். பாப்பா கையை நீட்டிக் கத்தினாள். நான் அவளைத் தூக்கப் போனேன்.

"தொடாதீங்க" என்றார் டாக்டர். "போய்த் தலையோட குளிச்சுட்டு, வேற துணி போட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் பாப்பாவத் தொடாதீங்க."

மாற்றுத் துணி என்னிடம் இல்லை. தறிக்காரர் தன் லுங்கியைக் கொடுத்தார், பையில் இருந்த மூத்த மகனின் பனியன் துணிச் சட்டையையும் கொடுத்தார். அது என் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. முன்னால் ஒரு கரடிப் பொம்மை. வாழ்க்கையிலேயே மோசமான செய்தியை நான் அந்தக் கரடியோடுதான் கேட்டேன்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பாப்பாவின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தெரிந்தன. முழங்கால் எக்ஸ்ரேயில் எலும்பின் முனையில் ஒரு வெள்ளைப் பட்டை. ஈயம் உடம்பில் ஏறியிருந்தால் இப்படித் தெரியும். அந்தப் பொடி மூச்சு வழியாகப் போகும், கையிலிருந்து வாய்க்குப் போகும். போனதை உடம்பு சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ரத்தம் ஊறுவதைக் கெடுக்கும், அதனால் அந்த வெளுப்பு. குடலைக் கெடுக்கும், அதனால் வயிற்று வலி. மூளையைக் கெடுக்கும், அதனால் வலிப்பு, அதனால்தான் பேச்சும் போனது. பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். அவர்களுக்கு மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் கெடுதலும் அதிகம்.

எனக்கு விவாதம் பண்ணாமல் இருக்க முடியாது. "ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடிக்கறாங்களேங்க?" என்றேன்.

"அது வெள்ளீயம், வேற உலோகம். இது காரீயம்" என்றார்.

கரடிச் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டேன்.

"துவைச்சுப் போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்களா?" என்று பொன்னி கேட்டாள்.

"ஊட்டுத் துணியோட சேத்துத் துவைச்சா எல்லாத் துணியிலயும் ஏறும். உதறினா ஊடெல்லாம் பறக்கும். பட்டறைத் துணி பட்டறை வாசலையே தாண்டக் கூடாதும்மா. செருப்பும் அப்படித்தான். அங்கயே குளிச்சு, அங்கயே மாத்திட்டுத்தான் வரணும்."

"போன பேச்சு திரும்பி வருமுங்களா?"

டாக்டர் பொன்னி பக்கம் திரும்பினார். "உடம்புல இருக்கற ஈயத்தை எறக்கிரலாம். மூளையில நடந்துபோனதை முழுசாச் சரி பண்ண மருந்து கிடையாது. சில வார்த்தை வரும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. பேசிட்டே இருங்க."

பொன்னி அழவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து வந்து பாப்பாவின் விரல்களைக் கழுவினாள். துடைத்தாள். திரும்பவும் கழுவினாள். "போதும் பொன்னி" என்றேன். "நாந்தானுங்க போத்துனேன்" என்றாள். "நாந்தான அனுப்புனேன்" என்றேன்.

ஈய அளவு பார்க்க ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது எண் எவ்வளவு என்று கேட்கவில்லை. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எனக்கு அது போதும். என் ரத்தத்தையும் பார்த்தார்கள், எனக்கும் ஏறியிருந்தது. எனக்கு அடிக்கடி வந்த வயிற்று வலிக்கு நான் அதுவரைக்கும் ஓட்டல் பரோட்டாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஈயத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரோடு வெளியே போகும் மருந்து இருக்கிறது. ஒன்றைச் சதையில் ஊசியாகப் போட வேண்டும், அது ரொம்ப வலிக்கும். இன்னொன்று நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக. அது சாதாரணமாகக் கிடைக்கிற மருந்தில்லை. டாக்டர் போன்மேல் போன் போட்டு, தூரத்தில் ஓர் ஊரில் இருப்பதைக் கண்டுபிடித்தார். கொடியில் இருந்த மிளகைப் பறிக்கும் முன்பே வியாபாரியிடம் பேசி முடித்தேன். முருகேசன் பஸ்ஸை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுப் போய், மருந்தை மடியில் வைத்தே கொண்டுவந்தான். வார்டு வாசலில் நின்று பையை நீட்டினான். அதுவும் ஒரு மஞ்சப்பை.

"டிக்கெட் யாரு எடுத்தா?" என்று கேட்டேன். வழக்கத்தில் வந்துவிட்டது.

அவன் சிரிக்கவில்லை. "அத்தனையும் நாந்தான்டா ஏத்திட்டுப் போனேன்" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரம் செலின் சிஸ்டர் லீவில் இறங்கி வந்தார். ஒரு டப்பாவில் புளிசாதம், பாப்பாவுக்குப் பூப்போட்ட கவுன். "எத்தனை தடவ எடை பாத்தேன். அப்பா என்ன வேலைன்னு ஒரு தடவைகூட நான் கேக்கலியே" என்றார். பழியை வாங்கிக்கொள்ள இப்படி ஆள் மாற்றி ஆள் வந்து நின்றால், உரியவனுக்கு மிச்சம் எதுவும் இருக்காது போலிருந்தது. ஆனால் இருந்தது.

ஊசி போடும்போது இப்போது நான்தான் பிடித்துக்கொண்டேன். மயங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். சிறுநீரை ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வேண்டும். பிள்ளை ஒன்றுக்குப் போனதற்காகத் தறிக்காரரைக் கட்டிப்பிடித்த அப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவரும் நல்லவர், "சந்தோசமுங்க, நெறையப் போச்சுங்களா?" என்று விசாரித்தார்.

மருந்தைவிடக் கஷ்டம் தூக்கம்தான். சட்டை இல்லாமல் பாப்பா தூங்கவில்லை. கடையில் புதுச் சட்டை வாங்கி, அதை நாள் முழுக்கப் போட்டு வேர்க்கவைத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளினாள். நானே பக்கத்தில் படுத்தேன். என் கழுத்துப் பக்கம் மூக்கை வைத்தாள், சோப்பு வாசம். என்னையும் தள்ளினாள். அவள் பழகியிருந்த அப்பா வாசம் என்பது வேர்வையும் ஆசிடும் ஈயமும். அதில் வேர்வை மட்டும்தான் நான். அது அவளுக்கு யாரோ.

ரத்தத்தில் ஈய அளவு இறங்கியது. வார்டு முழுக்கக் கல்கண்டு கொடுத்தேன். அடுத்த பரிசோதனையில் மறுபடி ஏறியிருந்தது. அவ்வளவுதான், யாரோ எங்கேயோ பொடியைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று தறிக்காரரின் லுங்கியைக்கூடச் சந்தேகப்பட்டேன். எலும்பில் சேர்ந்திருந்தது மெல்ல ரத்தத்துக்குத் திரும்பி வருகிறது, இது எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். இன்னொரு சுற்று மருந்து. இனி வருஷக்கணக்கில் இப்படிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. விளக்குமாறு தொடக் கூடாது, கூட்டினால் பொடி எழும்பும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் தண்ணீரை மாற்றி, மறுபடி துடைக்க வேண்டும். பாயும் தலையணையும் போயின. பாப்பா சுரண்டிய சுவரைப் பூசினோம். என் சட்டைகளையெல்லாம் வாசலில் குவித்துத் தீ வைக்கப் போனேன். செலின் சிஸ்டர் ஓடிவந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார். எரித்தால் புகையோடு ஊருக்கே போகுமாம். எல்லாவற்றையும் பையில் கட்டி, இறுக்கி மூடி, டாக்டர் சொன்ன இடத்தில் ஒப்படைத்தோம். ஆணியை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. அது நினைவில் வரவில்லை.

பட்டறைக்கு ஒரு தடவை போனேன், வேலைக்கு அல்ல. அங்கே நாலைந்து பேர் வீட்டில் சின்னப் பிள்ளைகள். "டேய், சட்டையை இங்கயே கழட்டிட்டுப் போங்கடா. குளிக்காம புள்ளையத் தொடாதீங்கடா" என்றேன். சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தால் சிரிப்பது அங்கே பழக்கம். "அப்பறம், கோவணத்தோட பஸ்சேறச் சொல்றயா?" என்றான் ஒருவன். அதற்கு நல்ல பதில் ஒன்று என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. அப்படியே நின்றேன். நான் சிரிக்காமல் நிற்பதை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அடுத்த வாரமே இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்கள். "எங்கப்பாரு இந்தப் பொடிக்குள்ளதான் சோறே தின்னாரு" என்று முதலாளி கொஞ்ச நாள் முரண்டினார். அதிகாரிகள் வந்து பார்த்த பிறகு குளிக்க ஓர் அறையும் துணி மாற்ற ஓர் இடமும் கட்டினார். இப்போது அங்கே தகட்டை நனைத்துவிட்டுத்தான் தட்டுகிறார்களாம்.

நான் மலையிலேயே இருக்கிறேன். மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொள்கிறேன். சுற்றுலாக் கூட்டம் வரும் நாட்களில் வாசலூர்பட்டியில் படகுத் துறைக்குப் பக்கம் அன்னாசி நறுக்கி விற்கிறேன். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவாமல் உள்ளே வருவதில்லை. அன்னாசியில் ஈயம் இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கழுவுகிறேன்.

பாப்பா சாப்பிடுகிறாள். முகத்தில் ரத்தம் தெரிகிறது. ஓடுகிறாள், கொஞ்சம் தடுமாறி. ஒத்த வயதுப் பிள்ளைகள் கதை சொல்கிறார்கள், அவளுக்குத் தனித்தனி வார்த்தைகள்தான் வருகின்றன. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா சொன்னபடி ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பெயர் சொல்கிறோம். முதலில் 'நாய்' வந்தது. நாயைத் தேடிப்பிடித்துக் கறிச்சோறு போட்டேன். பிறகு 'பால்.' பிறகு, பஸ் ஹாரன் கேட்டதும், 'மாமா.' முருகேசன் பஸ்ஸைப் பாதியில் நிறுத்தி இறங்கி வந்துவிட்டான், பயணிகள் கத்தினார்கள். என் முறைக்காக நான் காத்திருந்தேன். நெஞ்சைத் தொட்டு "யாரு சாமி இது? யாரு கண்ணு?" என்று எத்தனையோ தடவை கேட்டிருப்பேன். என் மூக்கைப் பிடித்து விளையாடுவாள். பெயர் சொல்ல மாட்டாள்.

போன வாரம் அடுப்படியில் பொன்னி களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தேன். பாப்பா, தனக்கென்று முதலில் எடுத்து வைத்த களித் தட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். தானே எடுத்துத் தின்னப் பழகியிருக்கிறாள். தனக்கு ஒரு வாய் வைத்துக்கொண்டாள். அடுத்த வாயைக் கையில் எடுத்து, எழுந்து, தடுமாறி நடந்து, கதவு நிலைப் பக்கம் போனாள். தலையைத் தூக்கி ஆணியைப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

பொன்னியின் கையில் துடுப்பு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"அப்பா" என்றாள் பாப்பா மறுபடியும், கையை இன்னும் உயர்த்தி. வெறும் ஆணி. கையிலிருந்த களி ஆறிக்கொண்டிருந்தது.

நான் துண்டைக் கீழே போட்டேன். போய் அந்த ஆணிக்குக் கீழே சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தேன், அவள் கை எட்டும் உயரத்துக்கு. கைகள் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டேன். பேசவில்லை. அசையவில்லை. வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டேன்.